மலைச் சபைக்குத் துணை நிற்பது எப்படி? சமவெளிச் சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிசம்பர் பிறந்தால் மலையேறும் வேன்கள் கூடிவிடும். கம்பளி, கேக், பிஸ்கட் பெட்டி, பேனர், ஒரு கீபோர்டு. காலையில் ஏறி, பாட்டுப் பாடி, பிரியாணி பரிமாறி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு இருட்டுமுன் இறங்கிவிடுவார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் கூரை ஒழுகும்போதும், மலையிலேயே குடியிருந்து ஊழியம் செய்கிற உபதேசியார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு பஸ் இல்லாமல் தவிக்கும்போதும் அந்த வேன் வராது. வருஷத்தில் மற்ற நாட்களில் என்ன செய்யலாம் என்று யோசிக்கிற சபைக் கமிட்டிகளுக்கும், இளைஞர் குழுக்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் இதை எழுதுகிறேன்.

மலைச் சபை என்று நான் சொல்வது பெரும்பாலும் கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருப்பவை: கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது. பத்திருபது குடும்பங்கள், தகரக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு, வாரம் ஒரு ஆராதனை. வால்பாறை, நீலகிரி பக்கத்து எஸ்டேட் சபைகளின் நிலைமை வேறு. அவற்றையும் இடையிடையே தொட்டுக்கொள்கிறேன்.

முதலில், இந்த மலைகளில் நமக்கு முன்னே நடந்தவர்கள்

நூறு வருஷத்துக்கும் முந்தைய கதை ஒன்றைத் தெரிந்துகொண்டு மலையேறுவது நல்லது. ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற இங்கிலாந்துத் தம்பதியர் 1913-ல் கொல்லிமலையில் குடியேறினார்கள். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறுகிறது. அன்று நடைதான், இல்லையென்றால் டோலி. மலேரியா பேர்போன மலை. ஜெஸ்ஸி நரம்புச் சிலந்தி நோய்க்கு மருந்து கட்டினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பள்ளி நடத்தினார், பழத்தோட்டம் போடச் சொல்லிக்கொடுத்தார். ஆரம்ப வருஷங்களில் ஆராதனைக்கு வந்து நிலைத்தவர்கள் கிட்டத்தட்ட யாருமில்லை. எதிர்த்து நின்ற ஒரு பூசாரி, முதல் உலகப் போரை ஒட்டி வந்த விஷக்காய்ச்சலில் சாகும் தறுவாயில், தன் பிள்ளையை இவர்களிடம் ஒப்படைத்த பிறகுதான் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெஸ்ஸி 1929-ல் காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின் இங்கிலாந்து போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்த பிறகும் மலையைவிட்டு இறங்க மறுத்து, தன் சொந்தப் பொறுப்பில் கல்வராயன், பச்சைமலை என்று மலை மலையாக அலைந்தார். 1974-ல் 95 வயதில் இறந்தார். இவர்களுடைய மகன்தான் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பேர்பெற்ற டாக்டர் பால் பிராண்ட். அவர் பிறந்தது 1914-ல், இதே கொல்லிமலையில்.

எல்லோரும் மலையில் போய்க் குடியேற வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மலைக்காரர்கள் வந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் எதைக் கொண்டுவருகிறீர்கள் என்பதைவிட அடுத்த வருஷமும் வருவீர்களா என்றுதான் கணக்குப் பார்ப்பார்கள்.

படி 1: எந்தச் சபை, யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

ஒரு மலைச் சபை தனியாக நிற்பதுபோலத் தெரிந்தாலும் அதற்கு மேலே யாரோ இருப்பார்கள். சி.எஸ்.ஐ. அல்லது லுத்தரன் என்றால் பல சபைகள் சேர்ந்த சேகரம், அதன் தலைவர், அதற்கு மேல் டயோசிஸ் அல்லது சினாடு. கத்தோலிக்கர் என்றால் கிளைப்பங்கு, பங்குத்தந்தை. மிஷனெரி சங்கம் தொடங்கிய சபை என்றால் அந்தச் சங்கத்தின் கள அலுவலகம். சுயாதீன சபை என்றால் பெரும்பாலும் ஒரு பாஸ்டரும் அவர் குடும்பமும்தான். இதை விசாரிக்காமல் நேராக உபதேசியார் கையில் பணம் கொடுத்தால், ஆறு மாதத்தில் அவருக்கும் சேகரத்துக்கும் சண்டை மூட்டிவிட்ட பெயர் உங்களுக்கு வரும்.

எஸ்டேட் சபையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆலயம் நிற்கிற இடமும் ஜனங்கள் இருக்கிற லைன் வீடும் கம்பெனி பொறுப்பில் இருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை எஸ்டேட் கதை தெரிந்ததுதான். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய காட்டில் தேயிலை போட்டார்கள். குத்தகை 2028-ல்தான் முடிகிறது என்றாலும் கம்பெனி 2024-லேயே தொழிலை நிறுத்தி, விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களை இறங்கச் சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட இடத்தில் லட்சக்கணக்கில் கட்டடம் கட்ட யோசனை சொல்பவரைக் கமிட்டியில் பேசவிடாதீர்கள். எஸ்டேட் ஜனங்களுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் கிடைக்க வழி செய்வதும், அவர்கள் இறங்குகிற ஊரில் ஒரு சபை அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வதும்தான் அங்கே உண்மையான உதவி.

படி 2: முதல் முறை வெறுங்கையோடு போங்கள்

சும்மா போக வேண்டாம், ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள், விருந்தாளி மரியாதைக்கு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம். நான்கைந்து பேர் போதும், அதில் பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். ஏனென்றால் சபையின் உண்மை நிலவரம் தெரிந்தவர்கள் பெண்கள், அவர்கள் நம் ஆண்களிடம் பேசமாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானமே ஏறி, ராத்திரி தங்கி, ஞாயிறு ஆராதனையில் பின்வரிசையில் உட்காருங்கள். "ஐயா ரெண்டு வார்த்தை சொல்லணும்" என்பார்கள். சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பிரசங்கம் அவர்கள் ஆளுடையதாகவே இருக்கட்டும்.

என்ன வேண்டும் என்று அன்றைக்கே கேட்காதீர்கள். கேட்டால் கட்டாயம் சவுண்ட் செட் என்பார்கள், அல்லது காம்பவுண்ட் சுவர் என்பார்கள். கீழேயிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பிடித்தது எது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் சொல்வார்கள். மாறாக இப்படி விசாரியுங்கள்: ராப்போஜனம் (அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து) கடைசியாக எப்போது நடந்தது? போன வருஷம் சபையில் யாராவது இறந்தார்களா, எங்கே அடக்கம் செய்தீர்கள்? இளவட்டங்கள் எங்கே, திருப்பூரிலா கேரளாவிலா? உபதேசியாருக்குச் சம்பளம் கடைசியாக எந்த மாதம் வந்தது?

முதல் கேள்விக்கு வருகிற பதில் பல நேரம் திகைக்கவைக்கும். பேராயர்களின் கீழ் இயங்கும் எபிஸ்கோப்பல் மரபில் ராப்போஜனம் கொடுக்கப் பட்டம் பெற்ற குருவானவர்தான் வர வேண்டும். அவருக்குக் கீழே பத்துப் பதினைந்து கிளைச் சபைகள் இருக்கும். மழை, மண் சரிவு, வண்டி பழுது என்று மலைச் சபையின் முறை தள்ளித் தள்ளிப் போகும். அப்படிப்பட்ட சபைக்குக் கம்பளி கொடுப்பதைவிட, குருவானவரின் மலைப் பயணத்துக்கான ஜீப் வாடகையை வருஷம் முழுவதும் ஏற்றுக்கொள்வது பெரிய உதவி. யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அடக்கம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். கல்லறைத் தோட்டம் இல்லாத சபைகள் உண்டு. ஊர்ச் சுடுகாட்டில் இடம் கொடுப்பார்களா என்பது ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரின் மனதைப் பொறுத்தது. பிணத்தை வைத்துக்கொண்டு பேச்சு வார்த்தை நடத்துவது கொடுமை. இதை முன்கூட்டியே பஞ்சாயத்திலும் தாலுகா அலுவலகத்திலும் பேசித் தீர்க்க, விவரம் தெரிந்த ஒரு ஆளை அனுப்புங்கள். செலவு அதிகமில்லை, அலைச்சல்தான்.

படி 3: உபதேசியாரைத் தாங்குங்கள்

மலைச் சபை நிற்பதும் விழுவதும் அங்கே குடியிருக்கிற ஊழியரால்தான். நம்முடைய உதவிப் பட்டியலில் பெரும்பாலும் கடைசியில் வருவதும் அவர்தான்.

முதலில் சம்பளம். தொகையைவிட முக்கியம், அது ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் வருவது. மூன்று மாதம் நிறுத்தி மொத்தமாகக் கொடுத்தால் அதற்குள் அவர் மளிகைக் கடையில் கடனாளி ஆகியிருப்பார். கடன்பட்ட உபதேசியார் கடைக்காரரைக் கண்டித்து எப்படிப் பேசுவார்? வங்கிக் கணக்கில் தானாகப் போகிற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுவிடுங்கள். உங்கள் பொருளாளர் மாறினாலும் பணம் போகும். முடிந்தால் சேகரத்தின் வழியாகவே போகட்டும், அவர் யாருடைய ஊழியர் என்பதில் குழப்பம் வராது.

அடுத்து, யார் எவ்வளவு கொடுப்பது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊழியருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 குடும்பச் சபைக்குக் குடும்பத்துக்கு 750 ரூபாய். மரவள்ளியும் சாமையும் கூலி வேலையுமாக இருக்கிற வீட்டில் இது நடக்காத காரியம். "சொந்தக் காலில் நிற்கப் பழகுங்கள்" என்று அவர்களிடம் பிரசங்கம் செய்வதும் நியாயமில்லை. ஆனால் பக்கத்து மலைக் கிராமங்களில் மூன்று சபைகள் சேர்ந்து ஒரு ஊழியரை வைத்துக்கொண்டால் 60 குடும்பம், ஆளுக்கு 250. அதுவும் சுலபமில்லை, ஆனால் எட்டுகிற தூரம். அதனால் தனிச் சபையைத் தத்தெடுப்பதைவிட ஒரு மலைத்தொடரின் சபைக் கூட்டத்தைத் தத்தெடுங்கள் என்பேன்.

முதல் வருஷம் நீங்கள் 80 சதவீதம், அவர்கள் 20. பிறகு வருஷம் 8 சதவீதம் உங்கள் பங்கு குறையட்டும். பதினோராவது வருஷம் சம்பளம் முழுக்க அவர்களுடையது. இதை ஆரம்பத்திலேயே தாளில் எழுதி, இரு சபை மூப்பர்களும் கையெழுத்துப் போட்டு, ஆராதனையில் வாசித்துவிடுங்கள். விளைச்சல் பொய்த்த வருஷம் குறைக்காமல் நிறுத்திவைக்கலாம் என்ற ஷரத்தும் அதில் இருக்க வேண்டும்.

சம்பளத்துக்கு வெளியே கவனிக்க வேண்டியவை:

- வண்டி. பழைய பைக்கைக் கொடுத்தால் ஆர்.சி.யை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் கட்டுவது யார் என்று பேசி முடியுங்கள். மலைப் பாதையில் பிரேக் ஷூவும் டயரும் சீக்கிரம் தேயும், அந்தச் செலவும் உண்டு.
- பிள்ளைகளின் படிப்பு. எட்டாவதுக்கு மேல் கீழே விட வேண்டியிருக்கும். நல்ல ஊழியர்கள் மலையைவிட்டு இறங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.
- வருஷத்துக்கு இரண்டு வாரம் விடுப்பு. அந்த இரண்டு வாரமும் ஆராதனை நடத்த உங்கள் சபையிலிருந்து ஆள் அனுப்புங்கள். அனுப்பப்பட்டவரும் கொஞ்சம் கற்றுக்கொண்டு வருவார்.
- மருத்துவக் காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொடுங்கள்.

இதையெல்லாம் பெரிய விஷயமாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லின் பேராயரான வி.எஸ். அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிமார்களின் முகத்துக்கு நேரே ஒன்று சொன்னார்: ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்குச் சிநேகிதரைத் தாருங்கள். அன்று வெள்ளைக்காரர்களுக்குச் சொன்னது, இன்று மலையேறுகிற நமக்குப் பொருந்துகிறது. உபதேசியாரை "தம்பி, அந்த பாயை எடுத்துப் போடு" என்று ஏவுகிற சமவெளி மூப்பர்களை நான் பார்த்திருக்கிறேன். வயதில் சின்னவர் என்றாலும் அவர் அந்தச் சபைக்கு ஐயா. நீங்களும் ஐயா என்றே கூப்பிடுங்கள்.

படி 4: அவர்களுடைய காணிக்கையை வளர்த்துவிடுங்கள்

ஏழைச் சபை கொடுக்காது என்று நினைப்பது தப்பு. மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் தாராளமாகக் கொடுத்ததைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதவில்லையா? மிசோரம் மலைகளில் நூறு வருஷத்துக்கும் மேலாக, உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்துவைக்கிறார்கள். அந்த அரிசியை வைத்தே வேறு மாநிலங்களுக்கு மிஷனெரிகளை அனுப்புகிற சபையாக வளர்ந்திருக்கிறார்கள். நம் தமிழ்ச் சபைகளுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கை பழக்கமானதுதான்.

கணக்கு எப்படி வரும்? ஒரு கைப்பிடி சுமார் 50 கிராம், நாளைக்கு இரண்டு வேளை, மாதம் 3 கிலோ. 20 குடும்பத்துக்கு 60 கிலோ. ஆனால் ஒரு எச்சரிக்கை: மலையில் பல வீடுகளில் உலையில் ஏறுவது ரேஷன் அரிசி. அதைச் சேர்த்து விற்பது குற்றம். ஆகவே அந்த அரிசியைப் பணமாக்க நினைக்காமல், உபதேசியார் வீட்டு அடுப்புக்கும் சபையிலுள்ள விதவைகளுக்கும் அப்படியே கொடுத்துவிடச் சொல்லுங்கள். பணமாக வேண்டியது மிளகும் காப்பியும் அன்னாசியும்.

இங்கேதான் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை வருகிறது. மலைச் சபையில் காணிக்கை மாதா மாதம் ஒரே அளவாக வராது. காப்பி பறிக்கிற மாதங்களிலும் மிளகு காய்கிற மாதங்களிலும் கையில் காசு இருக்கும், ஆடியில் வெறுங்கை. பண்டிகையைக் காப்பி, மிளகு அறுவடை முடிகிற சமயத்துக்கு மாற்றி வைக்கச் சொல்லிப் பாருங்கள். ஏலத்துக்கு நீங்கள் போங்கள், பணத்தோடு போங்கள். ஒரு படி மிளகை நியாயமான விலைக்கு மேலே ஏற்றிக் கேட்டு வாங்குவது நன்கொடை கொடுப்பதைவிட எவ்வளவோ கௌரவம். கிடைத்த தொகையில் உபதேசியாரின் சம்பளத்துக்கான அவர்கள் பங்கை முதலில் ஒதுக்கி, தனிக் கணக்கில் போட வேண்டும்.

கணக்கு எழுதுவதற்கு ஒரு நோட்டு, இரண்டு கையெழுத்து, மாதம் ஒரு முறை ஆராதனையில் சத்தமாக வாசிப்பு. இதற்கு மேல் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. வரவு செலவை எழுதத் தெரிந்த பெண் ஒருத்தியாவது மகளிர் சுய உதவிக் குழுவில் கட்டாயம் இருப்பாள், அவளையே பொருளாளர் ஆக்கச் சொல்லுங்கள்.

படி 5: சட்டம் தெரிந்துகொண்டு கொடுங்கள்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும். ஆனால் இதைக் கோட்டைவிட்டால் அவதிப்படுவது நாம் அல்ல, மலையில் இருப்பவர்கள்.

வெளிநாட்டுப் பணம். அமெரிக்காவில் இருக்கிற மச்சான் ஆயிரம் டாலர் அனுப்புகிறேன் என்பார். அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டால், வெளிநாட்டு இந்தியருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற ஒரு ட்ரஸ்டு வாங்கி மலைச் சபைக்கு மாற்றிக் கொடுக்கலாமே என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றத் தடை. உபதேசியாரின் சொந்தக் கணக்கில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், அவரைச் சிக்கவைக்கிறோம் என்று அர்த்தம்.

இடம். மலைக் கிராமத்தில் ஒருவர் "என் இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள்" என்றதும் கல் நாட்டிவிடக் கூடாது. அந்த இடம் பட்டா நிலமா, நிபந்தனைப் பட்டாவா, வனத்துறை நிலமா என்று வி.ஏ.ஓ.விடம் அடங்கல், சிட்டா, புலப்படம் வாங்கிப் பாருங்கள். நிபந்தனைப் பட்டா என்றால் கைமாற்றவே முடியாமல் போகலாம். வன உரிமைச் சட்டம் 2006 காட்டு நிலத்தில் பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை, சமுதாயக் கூடம் போன்ற 13 வகைப் பொது வசதிகளுக்கு இடமளிக்கிறது. வழிபாட்டுத் தலம் அந்தப் பட்டியலில் இல்லை. "சமுதாயக் கூடம்னு எழுதிடலாம் ஐயா" என்கிற யோசனை எப்படியும் வரும். பொய்யில் அஸ்திவாரம் போட்ட ஆலயத்தில் என்ன பிரசங்கம் செய்வது?

கட்டட அனுமதி. தமிழ்நாட்டில் புதிய வழிபாட்டுக் கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. விண்ணப்பத்துக்கான இன்றைய நடைமுறையை ஆட்சியர் அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். மரம் வெட்ட வேண்டியிருந்தால் 1955-ம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே வரும்.

சாதிச் சான்றிதழ். மலைவாழ் மக்களிடம் இதுபற்றி நிறையப் பயம் இருக்கிறது, பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். பழங்குடியினர் பட்டியலுக்கான 1950 ஆணையில் மத நிபந்தனை கிடையாது. கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்து மலையாளிகள் அல்ல) கிறிஸ்தவர் ஆனாலும் எஸ்.டி. தகுதி அந்தக் காரணத்தால் போகாது. பட்டியல் சாதியினருக்கு நிலைமை நேர்மாறு. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தாருக்கு மட்டுமே எஸ்.சி. தகுதி. கிறிஸ்தவர் ஆனவர்கள் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். எஸ்டேட் சபைகளில் இதனால் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் பாதிக்கப்படுகிறது, இதை மறைத்துப் பேசக் கூடாது. இன்னொன்று, மலையாளி சமூகம் எல்லா மாவட்டத்திலும் எஸ்.டி. அல்ல. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அந்தத் தகுதி இல்லாமல் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஸ்.டி. சான்றிதழ் கொடுப்பவர் கோட்டாட்சியர். அந்த அலுவலகத்துக்குப் போய்வரக் கூட்டாளி ஒருவர் இருந்தால் மலைக் குடும்பத்துக்குப் பெரிய பலம்.

மதமாற்றம். அரசியல் சாசனத்தின் 25-ம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பிறரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்று 1977-ல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் பிறகு நீக்கப்பட்டது. சில மாநிலங்களில் கடுமையான சட்டங்கள் இருக்கின்றன. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பழக்கத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள்: அரிசி, மருந்து, ஸ்காலர்ஷிப் எதுவும் ஆராதனையோடும் ஞானஸ்நானத்தோடும் ஒட்டிவரக் கூடாது. நாளும் வேறு, இடமும் வேறு, கொடுக்கிற கையும் வேறாக இருக்கட்டும்.

படி 6: கட்டடம், கூரை, வெளிச்சம்

புதிய ஆலயம் கட்டும் ஆசையைத் தள்ளிப்போட்டு, இருப்பதைப் பழுது பார்ப்பதில் தொடங்குங்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். வேலையை ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். தகரக் கூரைக்கு ஜே போல்ட்டும் ரப்பர் வாஷரும் எல்லா இடத்திலும் போடச் சொல்லுங்கள், மலைக்காற்று ஓரத்துத் தகடுகளைத்தான் முதலில் பிய்க்கும். தகரத்தில் மழை விழுந்தால் பிரசங்கம் காதில் விழாது, அதனால் உள்ளே ஒரு சீலிங் போடுவது ஆடம்பரம் அல்ல. ஓடு அழகுதான், ஆனால் குரங்கு புரட்டிவிடும்.

சிமெண்ட் விலையைக் கீழே விசாரித்து எஸ்டிமேட் போடாதீர்கள். லாரி நிற்கிற இடத்திலிருந்து ஆலயம் வரைக்கும் தலைச்சுமைக் கூலி தனி. மூட்டைகளைப் பலகை மேல் அடுக்காவிட்டால் பனியில் இறுகிவிடும். மேஸ்திரியும் ஆட்களும் அந்த மலைக்காரர்களாகவே இருக்கட்டும். கூலியும் அங்கேயே தங்கும், அடுத்த தடவை ஒழுகினால் அடைக்கவும் தெரியும்.

சோலார் வாங்குகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடட்டும். 9 வாட் எல்.இ.டி. பல்பு 6, மாலையில் 4 மணி நேரம் எரிந்தால் 216 வாட் ஹவர். 60 வாட் ஆம்ப்ளிஃபயர் 2 மணி நேரம் ஓடினால் 120. மொத்தம் 336. 12 வோல்ட் 100 ஏ.ஹெச். பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 600 வாட் ஹவர் கிடைக்கும், ஆகவே அது போதும். 160 வாட் பேனல் நல்ல வெயிலில் இழப்பெல்லாம் போக 450 வரை ஏற்றும். ஆனால் மூடுபனி நாட்களில் அதில் கால்வாசிகூட ஏறாது. அதனால் வெளிச்சத்தையும் ஒலிபெருக்கியையும் ஒரே நாளில் நம்ப வேண்டாம். இருபது குடும்பத்துக்கு ஒலிபெருக்கி எதற்கு என்பது என் தனிப்பட்ட கேள்வி. பெரும்பாலும் அது ஊரோடு மனஸ்தாபத்துக்குத்தான் வழிசெய்கிறது. பேட்டரி நாலைந்து வருஷத்தில் சாகும். அதற்காகச் சபை மாதம் எவ்வளவு சேர்த்துவைக்கும் என்று பேசிவிட்டுப் பேனலை மாட்டுங்கள்.

படி 7: பிள்ளைகள்

விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்தப் போகும் இளைஞர்களுக்கு: உங்கள் ஆக்ஷன் பாட்டோடு சேர்த்து, சபைப் பெண்கள் இரண்டு பேருக்காவது பாடம் நடத்தப் பயிற்சி கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் போன பிறகு ஓய்வுநாள் பள்ளி அவர்கள் கையில்தான் இருக்கும். பிள்ளைகளின் படத்தைப் பெயரோடும் ஊரோடும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், "ஏழைப் பிள்ளைகள்" என்ற தலைப்போடு வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளைக் கீழே கொண்டுவந்து ஹோமில் சேர்க்கிற பழக்கத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் கீழ் பதிவு செய்யாத இல்லத்துக்கு ஒரு பிள்ளையைக்கூட அனுப்பக் கூடாது. பெற்றோர் இருக்கிற பிள்ளைக்கு இல்லமே தேவையில்லை. மலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விடுதியில் பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பெற்றோரோடு சேர்ந்து கேளுங்கள். ஏதாவது தப்பு நடப்பதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள்.

படி 8: ஊரை மறந்துவிடாதீர்கள்

சபையில் இருபது குடும்பம் என்றால் ஊரில் நூறு குடும்பம். நீங்கள் இறங்கிவிடுவீர்கள், சபை ஜனங்கள் அந்த நூறு குடும்பத்தோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஆகவே மருத்துவ முகாம் நடத்தினால் பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் நடத்துங்கள், ஆலயத்தில் வேண்டாம். ஊர்க்கவுண்டரை முதல் தடவையே போய்ப் பாருங்கள். ஊர்த் திருவிழா வரி விஷயத்தில் சபைக்கு மனச்சாட்சிச் சிக்கல் இருந்தால், அதற்குப் பதிலாகக் குடிநீருக்கோ பாதை வெட்டவோ அதே தொகையைக் கொடுக்கலாமா என்று மூப்பர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். நீங்கள் நடுவில் புகுந்து ஞாயம் பேசினால் கெடும். அதுபோல ஊராரின் சாமியைப் பற்றி, குலதெய்வத்தைப் பற்றி மைக்கில் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசிவிட்டு நீங்கள் வேன் ஏறிவிடலாம், அடி வாங்குவது சபை ஜனங்கள்.

படி 9: குறைத்துக்கொள்வதும் நிறுத்துவதும்

வருஷத்துக்கு ஒரு முறை இரு சபைக் கமிட்டியும் மலையில் உட்கார்ந்து பேசுங்கள், கீழே கூப்பிட்டுப் பேசாதீர்கள். சம்பளப் பங்கு எவ்வளவு குறைந்தது, நோட்டு ஒழுங்காக இருக்கிறதா, ராப்போஜனம் எத்தனை முறை நடந்தது, புதிதாக யார் பாடம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பணக் குளறுபடி தெரிந்தால் ஆராதனையில் அம்பலப்படுத்தாமல் சேகரத் தலைவர் வழியாகக் கேளுங்கள். அதுவரை சம்பளத்தை மட்டும் நிறுத்தாமல் மற்றவற்றை நிறுத்திவையுங்கள், குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது.

உங்கள் பக்கத்திலும் மாற்றம் வரும். ஆர்வமாயிருந்த செயலர் வேறு ஊருக்குப் போவார், புதுக் கமிட்டி வேறு திட்டம் பேசும். அதனால் மலைச் சபைக்கான தொகையைச் சிறப்புக் காணிக்கையை நம்பி வைக்காமல், சபையின் வருடாந்திர பட்ஜெட்டில் ஒரு தலைப்பாகப் போட்டுப் பொதுக்குழுவில் நிறைவேற்றிவிடுங்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு முழு வருஷம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், அறுப்பின் பண்டிகைக்கு முன்பாகவே சொல்ல வேண்டும். அப்போதுதான் அவர்கள் அந்த வருஷத்து ஏலப் பணத்தைச் சம்பளத்துக்கென்று ஒதுக்கிக்கொள்ள முடியும்.